பதினான்காம் எண் வீட்டில் எண்ணுகிறவள்

கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிவிட்டு கனிஷாய் அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"மேரிம்?"

"என்னம்மா?"

"அழுவுறியா?"

"இல்லயே. நீ போம்மா. லேட்டா போனா உங்க வாத்தியார் அகாய் கத்துவாருன்னு நீதானே சொன்ன."

ஐந்தரை வயதுக் குழந்தை பேசுகிற பேச்சு. கனிஷாய் சாவிக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். குளிர்ந்த இரும்பு நெஞ்சில் பட்டதும் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. அந்தப் பழைய பூட்டை உள்ளேயிருந்து திறப்பதற்கும் சாவி வேண்டும். இருந்தது ஒரே சாவி.

அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மேரிமின் அப்பன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். முதல் வருஷம் பணம் வந்தது. இரண்டாம் வருஷம் ஃபோன் மட்டும் வந்தது. மூன்றாம் வருஷம் அந்த எண்ணை ஒரு பெண் எடுத்து, "யாரு வேணும்?" என்று கேட்டாள். கனிஷாய் "யாரும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அம்மா இறந்து, அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்ட வீட்டுக்குத் திரும்பிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வாடகை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கேட்காத ஊர் கோக்சாய் ஒன்றுதான். ஈயச் சுரங்கம் மூடி முப்பது வருஷமாகிறது. நான்கு மாடிக் கட்டடங்களில் பாதிக்கு மேல் ஆளில்லை. மலையிலிருந்து இறங்கும் காற்று ஒரு பக்க ஜன்னலில் நுழைந்து மறுபக்க ஜன்னலில் வெளியேறும். ஆள் இருக்கிற வீடுகளைத் துணி காய்வதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஊரில் மிச்சமிருந்தவற்றில் தொழிற்பள்ளியும் ஒன்று. வேலைவாய்ப்பு அலுவலகம் அங்கே ஆறு மாத ஒயர்மேன் பயிற்சி நடத்தியது. கட்டணம் இல்லை. தேறினால் மின்வாரியத்தில் வேலை. பதினாறு பேரில் கனிஷாய் ஒருத்திதான் பெண். முதல் நாளே பெக்தூர் கேட்டுவிட்டான்: "தங்கச்சி, தையல் வகுப்பு எதிர்க் கட்டடத்துல. வழி காட்டவா?" இருபத்தேழு வயது, நீண்ட கை கால், நிற்காத வாய். கனிஷாய் அவன் கையிலிருந்த குறடை வாங்கி, அவன் அரை மணி நேரமாக உரித்துக்கொண்டிருந்த ஒயரை ஒரே இழுப்பில் உரித்துக் கொடுத்தாள். அதிலிருந்து அவன் அவள் பெஞ்சிலேயே உட்கார ஆரம்பித்தான்.

நவம்பரில் மழலையர் பள்ளியின் வெந்நீர்க் குழாய் வெடித்தது. வசந்தம் வரை மூடிவிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பயிற்சியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்படித்தான் அந்தப் பூட்டு வந்தது. காலை எட்டரைக்குப் பூட்டுவாள். பன்னிரண்டு மணிக்குப் பனியில் ஓடி வந்து சோறூட்டுவாள். ஒரு மணிக்கு மறுபடி பூட்டுவாள். மூன்று மணிக்கு வந்து திறப்பாள். தீப்பெட்டியை உயரத்தில் வைத்தாள். கத்தியை ஒளித்தாள். ஜன்னலை ஆணி அடித்து மூடினாள். வழியெல்லாம் வேறு எதையாவது மறந்தேனா என்று யோசித்துக்கொண்டே நடப்பாள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், ஆட்டுக்கறி போட்ட உருளைக்கிழங்கு சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே மேரிம் சொன்னாள்: "சுவத்து அத்தைக்கும் கொஞ்சம் குடுக்கலாமா?"

"எந்த அத்தை?"

"அந்தப் பக்கம் இருக்காளே. குழாய்ல தட்டுவாளே."

அவர்கள் இருந்தது மூன்றாம் மாடியில், பதின்மூன்றாம் எண் வீடு. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்காம் எண். கனிஷாய் வந்த நாளிலிருந்து அதன் கதவில் துருப்பிடித்த பூட்டும், அதற்கு மேல் வீட்டு நிர்வாகம் ஒட்டிய காகித முத்திரையும் இருந்தன. காகிதம் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. வெந்நீர்க் குழாய் அந்த வீட்டிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வரும்.

"அங்க யாரும் இல்லம்மா. குழாய்க்குள்ள காத்து மாட்டிக்கிட்டா டக் டக்குன்னு சத்தம் வரும்."

"காத்து எண்ணுமா?" என்று கேட்டாள் மேரிம்.

சாப்பிட்ட பிறகு கனிஷாய் கரண்டியை எடுத்துக் குழாயில் மூன்று முறை தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். தண்ணீர் ஓடும் மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது.

"நீ இருக்கும்போது பேசமாட்டா" என்றாள் குழந்தை, சமாதானம் சொல்வதுபோல.

ஜனவரியில் கொதிகலன் கூடத்தில் நிலக்கரி குறைந்து குழாய்கள் வெதுவெதுப்போடு நின்றுவிட்டன. மேரிமுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கனிஷாய் பயிற்சிக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் சந்தையில் பழைய ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தாள். அதை மாட்டச் சுவரில் பிளக் இல்லை. பள்ளியில் கற்றதெல்லாம் கையில் துறுதுறுத்துக்கொண்டிருந்த சமயம். பழைய பெட்டியைத் திறந்து, சுவருக்குள் இருந்த அலுமினியக் கம்பியோடு புதுச் செம்புக் கம்பியை முறுக்கி, டேப் சுற்றி, சோபாவுக்குப் பின்னால் புது பிளக் வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் ஹீட்டர் சிவந்தது. மேரிம் கை தட்டினாள். வீட்டில் முதன்முதலாக அவளே செய்த மின்வேலை. அன்று முழுக்க அந்த பிளக்கைப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டாள்.

காய்ச்சல் விட்ட மறுநாள் குழந்தையைத் தனியே விட மனமில்லாமல் பயிற்சிக்கே கூட்டிப் போனாள். ஆசிரியர் ஒஸ்மோனை எல்லாரும் அகாய் என்பார்கள். நாற்பது வயது, சிடுசிடுப்பான ஆள். மேரிமைப் பார்த்து, "இது யாரு, பதினேழாவது மாணவியா?" என்று கேட்டு, ஒரு டப்பா திருகாணியைக் கையில் கொடுத்து மூலையில் உட்காரவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பெக்தூர் கனிஷாயின் விலாவில் முழங்கையால் இடித்தான். "உன் பொண்ணு என்ன பாஷைல எண்ணுறா?"

மேரிம் திருகாணிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். வாய் மெல்ல முணுமுணுத்தது. ஐன்ஸ், ஸ்வை, த்ரை, ஃபியர்.

"ஏதோ உளறுறா."

"உளறலாவது! இது ஜெர்மன், தங்கச்சி. ரெண்டு வெயில் காலம் அங்க ஸ்ட்ராபெரி பறிச்சிருக்கேன். கூடை எண்ணத் தெரியலன்னு மேஸ்திரி என்னைக் கழுவிக் கழுவி ஊத்தினான். இருபதுக்கு மேல எண்ணவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இவ பாரு, தண்ணி மாதிரி போறா."

குழந்தை எண்ணிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள். முகம் சுருங்கியது. எல்லாத் திருகாணியையும் டப்பாவில் அள்ளிப் போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.

"எதுல நிக்குறா?" என்று கனிஷாய் மெல்லக் கேட்டாள்.

"இருபத்தாறு." பெக்தூரின் குரலில் கேலி போய்விட்டிருந்தது. "டப்பாவுல இன்னும் திருகாணி கெடக்கு. ஆனா அவ அதுக்கு மேல போகமாட்டேங்குறா."

கனிஷாய் மகளிடம் போய்க் குனிந்தாள். "ஏன்டா செல்லம் நிறுத்திட்ட?"

"ஒண்ணு குறையுதும்மா" என்றாள் மேரிம். "எப்பவும் ஒண்ணு குறையும். அத்தை அதனாலதான் திரும்பத் திரும்ப எண்ணுவா."

அன்று பிற்பகல் கனிஷாய் நேராக வீட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். ராய்கான் அங்கேதான் இருப்பாள். ஐம்பது வயதுக்காரி, முன்பற்கள் இரண்டும் தங்கம். காலியான வீடுகளின் சாவிகளையெல்லாம் ஆணிப் பலகையில் மாட்டி, அதற்குக் கீழேயே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள். காற்றடிக்கும்போது அவள் தலைக்கு மேல் அறுபது சாவி கிலுகிலுக்கும்.

"ராய்கான் அக்கா, பதினாலுல முன்னாடி யாரு இருந்தாங்க?"

"ஏன், அந்த வீடு வேணுமா? தெக்குப் பாத்த வீடு. உன்னுதைவிடக் காஞ்ச வீடு."

"சும்மாதான் கேட்டேன்."

ராய்கான் பாலூற்றிய தேநீரை அவள் பக்கம் தள்ளினாள். "எம்மான்னு ஒருத்தி. ஜெர்மன்காரி. போர்க் காலத்துல ரஷ்யாவுல இருந்த அவங்க ஆளுங்களையெல்லாம் ரயில்ல ஏத்திக் கொண்டாந்து இங்க எறக்கிவிட்டாங்கல்ல, அப்பக் கைக்குழந்தையா வந்தவ. சுரங்கத்துல விளக்கு அறையில வேலை. எறங்குறவங்களுக்கு விளக்கு எடுத்துக் குடுக்கணும், ஏறி வந்தா எண்ணி வாங்கி வைக்கணும். ஒரு நாள் இருபத்தேழு விளக்கு போச்சு, இருபத்தாறு வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்திருந்தது. ஒருத்தன் வரல. ஒடம்பும் கெடைக்கல. இவளுக்கு உறவும் இல்ல, ஒண்ணுமில்ல. ஆனா விளக்கை வாங்கி வச்சது இவதானே. மறுநாளும் எண்ணினா, அதுக்கு மறுநாளும் எண்ணினா. கடைக்குப் போனா ரொட்டியை எண்ணுவா, தெருவுல நின்னா போற வர்ற புள்ளைங்கள எண்ணுவா. நாங்கல்லாம் சின்னப் பிள்ளைங்க. அவள மாதிரியே முணுமுணுத்துக்கிட்டுப் பின்னாடியே போவோம். பாவம் பண்ணோம்."

"இப்ப எங்க இருக்காங்க?"

ராய்கான் தலையைத் தூக்கிச் சாவிப் பலகையைப் பார்த்தாள். "தொண்ணூத்து மூணுல இங்க இருந்த ஜெர்மன்காரங்க எல்லாரும் ஜெர்மனிக்குப் போனாங்க. அவளுக்கும் காகிதம் வந்துச்சுன்னாங்க. ஒரு நாள் காலைல நான் வந்து அலுவலகத்தைத் தொறக்கிறேன், பதினாலாம் நம்பர் சாவி இந்த ஆணியில தொங்குது. ராத்திரி பூட்டிட்டுப் போனது நான்தான். பஸ்ல ஏறுனதைப் பாத்தேன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. போயிருப்பா. போகாம எங்க போவா?"

கனிஷாய் மேரிமிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். ஆனால் காலையில் பூட்டும்போது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கத் தொடங்கினாள். யாரை உள்ளே விடாமலிருக்க இந்தப் பூட்டு என்று ஒரு நாள் படியிறங்கும்போது தோன்றியது. அது உள்ளேயே இருந்தால்?

அந்த வாரம் அகாய் மீட்டர் பாடம் எடுத்தார். "வீட்டுல ஒரு பல்பு எரிஞ்சாலும் தட்டு சுத்தும். எதுவும் எரியலன்னா நிக்கும். மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது. போய் அவங்கவங்க வீட்டுல பாருங்க." கனிஷாய் அன்று மூன்று மணிக்கு மாடிப்படி அலமாரியைத் திறந்தாள். பதின்மூன்றின் மீட்டரும் பதினான்கின் மீட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவள் வீட்டில் ஹீட்டரை அணைத்திருந்தாள். அவளுடைய தட்டு நின்றிருந்தது.

பதினான்கின் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சீராக, அவசரமில்லாமல். ஓரத்திலிருந்த சிவப்புக் குறி வந்து போய், வந்து போய்க்கொண்டிருந்தது.

கனிஷாய் போய்ச் சொன்னதும் ராய்கான் சாவியோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். காகித முத்திரை அவள் விரல் பட்டதும் பொடியானது. பூட்டு எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது. உள்ளே வெளிச்சம் நன்றாக இருந்தது. தெற்குப் பார்த்த ஜன்னலில் பனியின் வெள்ளை. கட்டில் சட்டம், வெறும் அலமாரி, ஆணியில் ஒரு மேல்கோட்டு. தரை முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு காலடி இல்லை, எலித்தடம்கூட இல்லை. பல்பு இல்லை, பிளக்கில் ஒன்றும் இல்லை.

"பாத்தியா? ஈ காக்கா இல்ல" என்றாள் ராய்கான்.

ஆனால் பொதுச் சுவரை ஒட்டி, குழாய்க்கு எதிரே, சுவரைப் பார்த்தபடி ஒரு குட்டை ஸ்டூல் இருந்தது. அதன் கால்களைச் சுற்றித் தூசி மண்டியிருந்தது. உட்காரும் பலகை மட்டும் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. ராய்கான் அதைக் கவனிக்கவில்லை. கனிஷாய் காட்டவுமில்லை.

மறுநாள் அகாயும் பெக்தூரும் வந்து கம்பியைத் தொடர்ந்து போனார்கள். மீட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ஒயர் புகைபோக்கிப் பொந்துக்குள் இறங்கி, நிலவறைக்குப் போயிருந்தது. அங்கே கீழ்வீட்டு எசென், நாற்பது கோழிக்குஞ்சுகளை நான்கு பெரிய பல்புகளுக்கு அடியில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"குளிர்ல செத்துரும் அகாய். வாயில்லாத ஜீவன்."

"அதுங்களுக்கு வாய் இல்ல, உனக்கு இருக்குல்ல? கேட்டிருக்கலாமே!" என்றான் பெக்தூர். "எசென் அண்ணே, பேய் வீட்டுல கரண்ட் திருடுன மொத ஆளு நீங்கதான்."

கனிஷாய் படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். இத்தனை நாளும் கோழிக்குஞ்சு! நிலவறையில் எசென் கம்பிக் கூண்டைத் தட்டினால் குழாயில் கேட்கத்தானே செய்யும்? எசெனின் பாட்டன் ஜெர்மன்காரர்களோடு சுரங்கத்தில் வேலை செய்தவன்தானே, எசென் அந்த எண்களை முணுமுணுத்திருக்கலாமே? அப்படியா என்று அவனிடம் அவள் கேட்கவில்லை. காரணம் கிடைத்த நிம்மதியை இழக்க அவள் விரும்பவில்லை. மறுநாள் காலை கொஞ்சம் லேசான மனதோடு பூட்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. செய்முறைத் தேர்வுக்கான பயிற்சி இழுத்துக்கொண்டே போனது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவள் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் கிளம்பினாள். பனி முழங்கால் வரை இருந்தது. காற்று அடியோடு நின்றிருந்தது. ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கட்டடத்துக்குள் நுழைந்து இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் நின்றாள்.

மேரிம் படியில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு போட்டிருந்தாள். பொத்தான்கள் துளை மாறிப் போயிருந்தன. கம்பளிப் பூட்ஸ் இடமும் வலமுமாய் மாற்றிப் போட்டிருந்தாள். கைகளை மடியில் கோத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெரிய மனுஷி மாதிரி இருந்தாள்.

கனிஷாயின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. சாவி அங்கேயே இருந்தது.

"நீ எப்படி வெளிய வந்த?"

அப்போதுதான் வாடை அடித்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை. மேலே மாடிப்படியின் கூரையில் புகை தவழ்ந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு நிமிஷத்தில் அவள் யோசித்துச் செய்ததாக எதுவுமில்லை. அலமாரியைத் திறந்து பதின்மூன்றின் ஃபியூஸைப் பிடுங்கினாள். "எசென் அண்ணே!" என்று கத்தினாள். மாடிப்படி ஜன்னலில் கிடந்த பனியில் சால்வையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. ஹீட்டர் மாட்டியிருந்த பிளக்கை ஒட்டிய சோபாவின் முதுகு தணல் பிடித்து உள்ளுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. எசென் கோழிக்கூண்டுக்கு வைத்திருந்த மணலை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டினான். இருவரும் சோபாவை இழுத்து ஜன்னலை உடைத்து வெளியே தள்ளினார்கள். அது பனியில் விழுந்து சீறியது. மேரிம் எப்போதும் விளையாடும் இடம் அந்த சோபாதான்.

முகம் கறுத்துப் படியில் வந்து உட்கார்ந்த எசென் சொன்னான்: "நல்ல வேளை, நீ பூட்ட மறந்த."

"பூட்டினேன் அண்ணே."

"மறந்திருப்பம்மா. அவசரம்."

இரண்டு சுற்றுச் சுற்றியது அவளுக்கு நினைவிருந்தது. கைப்பிடியை இழுத்துப் பார்த்ததும் நினைவிருந்தது. ஆனால் அது எந்தக் காலையின் நினைவு? நேற்றையதா, அதற்கு முந்தைய நாளையதா? மூன்று மாதக் காலைகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. அதில் இன்றைய காலையை மட்டும் பிரித்து எடுக்க அவளால் முடியவில்லை.

மேரிமை மடியில் இழுத்துக்கொண்டாள். "என்னடா நடந்துச்சு? பயப்படாம சொல்லு."

"அத்தை தட்டிக்கிட்டே இருந்தா. நிறுத்தவே இல்ல. குழாய்ல தட்டினா, அப்புறம் கதவுகிட்ட வந்து தட்டினா. கோட்டு போட்டுக்கன்னா. போட்டுக்கிட்டேன். கதவு தொறந்திருந்துச்சு."

"நீ அவளப் பாத்தியா?"

"இல்ல. எனக்கு முன்னாடியே எறங்கிப் போயிட்டா. கால் சத்தம்தான் கேட்டுச்சு." குழந்தை கொட்டாவி விட்டாள். "இனிமே வரமாட்டா. எண்ணி முடிச்சாச்சு."

எசென் எழுந்து, தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

மாலைக்குள் அகாய் வந்துவிட்டார். பின்னாலேயே பெக்தூர். கருகிய சுவரைச் சுரண்டி, உருகிய பெட்டியைப் பிடுங்கி, அதிலிருந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அலுமினியமும் செம்பும் முறுக்கிய முடிச்சு. சுற்றியிருந்த டேப் கரியாகிவிட்டிருந்தது.

"இது யார் போட்ட ஜாயின்ட்?"

"நான்" என்றாள் கனிஷாய்.

பெக்தூர் தலை குனிந்துகொண்டான். அகாய் முடிச்சை அவள் பக்கம் நீட்டினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்த ரெண்டையும் நேரா முறுக்கக் கூடாது. சூடாகும், தளரும், மறுபடி சூடாகும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாம நடுவுல டெர்மினல் கட்டை வைக்கணும். ஜனவரில ஒரு நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக் குடுத்தேன். நீ அன்னிக்கு வரல."

"பொண்ணுக்குக் காய்ச்சல் அகாய்."

"தெரியும்."

"நான் நின்னுக்கிறேன். எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம். என் பிள்ளையைக் கொளுத்த இருந்தேன். என் கையால."

"நின்னுட்டு?" அகாயின் சிடுசிடுப்பு திரும்பி வந்தது. "பாத்திரம் கழுவப் போவியா? அப்பவும் பிள்ளையைப் பூட்டிட்டுத்தான் போகணும். இந்தக் கட்டடத்துல இதே மாதிரி முடிச்சு எத்தனை இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. இனிமே தூரத்துல இருந்தே உனக்கு அது கண்ணுல படும். என்கிட்ட பதினஞ்சு பேர் இருக்கானுங்க, ஒருத்தனுக்கும் படாது. நாளைக்கு எட்டரைக்கு வா. பொண்ணையும் கூட்டிட்டு வா. எவனாவது ஏதாவது சொன்னா என்கிட்ட சொல்லு."

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பேன். ஒரு நாள் விட்டீங்க, தினமும்னா ஒத்துக்கமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டியா நீ?"

அவள் கேட்கவில்லைதான். மூன்று மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு ராய்கான் வீட்டில் படுத்திருக்கையில் அவளை அழவைத்தது தீயல்ல. கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான்.

கருகிய வீட்டில் இனி இருக்க முடியாது. மூன்றாம் நாள் ராய்கான் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். பதினான்கு. "வேற எல்லா வீட்டுலயும் குழாயைப் பிடுங்கி வித்துட்டானுங்க. இது ஒண்ணுதான் முழுசா இருக்கு. பயந்தா வேண்டாம்."

கனிஷாய் சாவியை நெடுநேரம் பார்த்தாள். வெளியே குளிர் பூஜ்யத்துக்கு இருபது பாகை கீழே இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்குப் புது ஒயர் போடுவதையே வகுப்பின் செய்முறை வேலையாக அகாய் மாற்றிவிட்டார். பதினாறு பேரும் ஒரு வாரம் அங்கே சுவரைக் குடைந்தார்கள். முதல் நாள் யாரும் உரக்கப் பேசவில்லை. இரண்டாம் நாள் பெக்தூர் அந்தக் குட்டை ஸ்டூலின் மேல் ஏறி நின்று விளக்கு மாட்டப் போனான். என்ன தோன்றியதோ, இறங்கி, ஏணி கொண்டுவந்தான். மேல்கோட்டை ராய்கான் மடித்து எடுத்துப் போனாள். ஒவ்வொரு முடிச்சையும் கனிஷாய்தான் போட்டாள். மற்றவர்கள் போட்டதையும் பிரித்துப் பார்த்தாள். திட்டு வாங்கினாள். மறுபடி பிரித்தாள்.

குடிபோன முதல் வாரம் அவள் வேலை செய்யும்போதெல்லாம் ஒரு காதைச் சுவரில் வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது அவர்களுடைய பழைய வீடுதான், கறுத்து, ஜன்னலில்லாமல் கிடந்தது. ஒரு நாள் பெக்தூர் சோதித்துப் பார்ப்பதுபோல மேரிமிடம், "ஐன்ஸ், ஸ்வை, அப்புறம்?" என்று கேட்டான். குழந்தை அவனைப் புரியாமல் பார்த்தாள். "என்னம்மா சொல்றாரு இவரு?" என்று அம்மாவைக் கேட்டாள். பெக்தூர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று ஒன்று மட்டும் கேட்டான்:

"இங்க இருக்கப் பயமா இல்லயா உனக்கு?"

"பயம்தான்" என்றாள் கனிஷாய். "கரண்ட்டும் கண்ணுக்குத் தெரியாது. பயந்துக்கிட்டேதானே அதுல கை வைக்கிறோம்."

மார்ச் கடைசியில் மழலையர் பள்ளி திறந்தது. ஏப்ரலில் தேர்வு. எழுத்தில் அவள் ஆறாவதாக வந்தாள், செய்முறையில் முதலாவதாக. மே மாதம் மின்வாரியத்தில் சேர்ந்தாள். முதல் மாதமே கோக்சாயின் கட்டடங்களில் ஆள் இருக்கிற வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கி, பிளக் பெட்டிகளைத் திறந்து பார்க்க அனுமதி வாங்கினாள். முப்பத்தொரு வீட்டில் பதினேழு தப்பு முடிச்சு. சிலர் டீ கொடுத்தார்கள். சிலர், "நாப்பது வருஷமா எரியாதது இப்ப எரியப் போவுதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள்.

ஜூனில் மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தில் கம்பி அறுந்துவிட்டது என்று செய்தி வந்தது. சனிக்கிழமை, பள்ளி இல்லை. மேரிமையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். ஓட்டுநர் நகர்ந்து இடம் கொடுத்தார். இந்த முறை அவள் முன்னாலேயே கேட்டிருந்தாள். அங்கே இரண்டு கூடாரங்கள், நாலைந்து பிள்ளைகள், பால் கறந்துகொண்டிருந்த ஒரு பெண். ஆண்கள் கம்பத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"ஒயர்மேன் எங்கம்மா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"இடுப்புல பெல்ட்டு கட்டிக்கிட்டு நிக்கிறாங்கல்ல, அவங்கதான்" என்று மேரிம் சொன்னாள். பிறகு அந்தப் பிள்ளைகளிடம் திரும்பி, "எங்கம்மா ஏறும்போது யாரும் கத்தக் கூடாது, சரியா?" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

கனிஷாய் கம்பமேறும் கொக்கிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினாள். பாதி உயரத்தில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. கீழே புல்வெளியில் ஆடுகள் அசையாமல் நின்றன. கயிற்றை இறுக்கிவிட்டு, கையுறையைப் பல்லால் சரிசெய்துகொண்டு, கம்பியை எடுத்தாள்.

"கீழ பாக்காதம்மா!" என்று கத்தினாள் மேரிம்.